கூமுட்டையா, கரு செத்த முட்டையா? இன்குபேட்டரில் பொரியாத முட்டைகள் பற்றிய கேள்வி பதில்கள்

பொரியாத முட்டை எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே பெயர்தான்: கூமுட்டை. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. சேவல் சேராமல் இட்ட முட்டை ஒன்று. கரு வளரத் தொடங்கி நடுவில் செத்தது இன்னொன்று. கிருமி புகுந்து அழுகியது மூன்றாவது. முதலாவதற்கான காரணத்தைக் கோழிக்கூண்டில் தேட வேண்டும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இன்குபேட்டரிலோ, முட்டையைச் சேர்த்து வைத்த இடத்திலோ தேட வேண்டும். மூன்றாவதற்கு முட்டை இட்ட இடத்தின் சுத்தத்தைப் பார்க்க வேண்டும், சில சமயம் நம் கையையும். மூன்றையும் ஒன்றாக்கித் தூக்கிப் போட்டால் அடுத்த முறையும் இதே கதைதான். ஆகவே கீழே வரும் பதில்களில் ஒரு வேண்டுகோள் திரும்பத் திரும்ப வரும், சலித்துக்கொள்ளாதீர்கள்: உடைத்துப் பாருங்கள்.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். 12 முட்டையில் 8 வெறும் மஞ்சள் வெளிச்சமாகத்தான் தெரிகிறது. சேவல் சரியில்லையா?

அவசரப்பட்டுச் சேவல்மேல் பழி போட வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரிகிற முட்டைகள் இரண்டு வகை உண்டு: கரு கூடவே கூடாதது, முதல் இரண்டு நாளுக்குள் கரு செத்தது. கோழிக் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குவதே இரண்டாம் நாள் முடிவில்தான். அதற்குள் செத்துவிட்டால் சிவப்பாகத் தெரிய உள்ளே எதுவும் இருக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் காலி முட்டைதான்.

அந்த எட்டையும் ஒவ்வொன்றாக வெள்ளைத் தட்டில் உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேல் கடுகளவு வெள்ளைப் புள்ளி மட்டும், ஓரம் ஒழுங்கில்லாமல், கெட்டியாக இருந்தால் அது கரு கூடாத முட்டை. புள்ளி பரந்து விரிந்து, மஞ்சளின் மேல் பாலாடை படர்ந்தது போல வெளிறிய வட்டமாக இருந்தால் கரு வளரத் தொடங்கி நின்றிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

எட்டிலும் கடுகுப் புள்ளிதான் என்றால் சேவலைப் பார்க்கலாம். எட்டிலும் பாலாடை என்றால் சேவல் தன் வேலையைச் செய்துவிட்டது. தவறு அதற்குப் பிறகு நடந்திருக்கிறது: நாள்பட்ட முட்டை, வெக்கையில் கிடந்த முட்டை, பயணத்தில் குலுங்கிய முட்டை, அல்லது முதல் நாளே ஏறிப்போன சூடு.

ஒரு எச்சரிக்கை. அடர் பழுப்பு ஓடு, மங்கிய டார்ச் இரண்டும் சேர்ந்தால் உயிருள்ள முட்டைகூட ஏழாம் நாளில் ஒன்றும் காட்டாது. சந்தேகம் இருந்தால் 10ஆம் நாள் வரை விட்டுவிட்டுப் பாருங்கள். அதற்குள் வளர்கிற முட்டை பாதிக்கு மேல் இருண்டிருக்கும், வளராதது அப்படியே வெளிச்சம் விடும்.

வைப்பதற்கு முன்பே கரு உள்ளதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

வெளிச்சம் காட்டிக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் மிதக்கவிட்டோ, நூலில் மோதிரம் கட்டித் தொங்கவிட்டோ கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவர்களைப் புன்னகையோடு கடந்துவிடுங்கள். மிதப்பது முட்டையின் வயதைத்தான் சொல்லும்.

ஆனால் கூட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம். அதே கோழிகளின் முட்டைகளில் நாலைந்தைச் சமைக்க உடைக்கும்போது மஞ்சளின் மேலுள்ள புள்ளியைக் கவனியுங்கள். கரு கூடாததில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் வெறும் வெள்ளைப் பொட்டு. கரு கூடியதில் நாலு மில்லிமீட்டரை ஒட்டி, வட்டத்துக்குள் வட்டம் போட்டது போல, ஓரம் வெள்ளையாகவும் நடு சற்றுத் தெளிவாகவும் இருக்கும். முட்டை வெளியே வருவதற்குள் கோழியின் வயிற்றிலேயே கரு ஏறக்குறைய ஒரு நாள் வளர்ந்துவிடுவதால்தான் இந்த வளையம். ஐந்தில் ஐந்திலும் வளையம் இருந்தால் தயங்காமல் வைக்கலாம்.

சேவல் இருக்கிறது, மிதிக்கவும் செய்கிறது. பிறகும் பாதி முட்டையில் கரு இல்லையே?

மிதிப்பதெல்லாம் சேர்வதாகாது. வயதான சேவல், உடல் பெருத்த சேவல், காலில் புண் உள்ள சேவல், பின்புறம் இறகு மண்டிய இனங்கள் எல்லாம் ஏறி இறங்குவதோடு சரி. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் என்பது வழக்கமான கணக்கு. இருபது பெட்டைக்கு ஒரு சேவல் விட்டால் சில பெட்டைகள் விடுபடும். எல்லாப் பெட்டைகளையும் சமமாக நடத்தும் சேவலை நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்கென்று இரண்டு மூன்று செல்லப் பெட்டைகள் இருக்கும், மற்றவை ஏதோ கிடைத்தால் உண்டு. மாறாக, சேவல்கள் அதிகமானால் ஒன்றையொன்று விரட்டுவதிலேயே பொழுது போய்விடும், பலன் அதே குறைவுதான்.

கடும் வெயில் நாட்களில் சேவலின் விந்தின் தரம் குறையும், குளிர்ந்து பகல் சுருங்கும் நாட்களிலும் குறையும். புதுச் சேவலை விட்டால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து முட்டை சேர்க்கத் தொடங்குங்கள். பெட்டை தன் உடலில் விந்தை இரண்டு வாரத்துக்கு மேலும் சேமித்து வைக்கும். ஆகவே பழைய சேவலின் குஞ்சு வேண்டாம் என்றால் மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும்.

கடையில் வாங்கிய முட்டையை வைத்தேன், ஒன்றும் வரவில்லை.

பண்ணை முட்டைக் கோழிகள் சேவல் இல்லாமல் வளர்க்கப்படுபவை. வராது.

முட்டைக்குள் இரத்த வளையம் தெரிகிறது. இனி வளருமா?

வளராது. கரு சாகும்போது அதைச் சுற்றியிருந்த இரத்தம் நடுவிலிருந்து விலகி ஓரத்தில் தேங்கி, சிவப்பு நூலால் வட்டம் போட்டது போலத் தெரியும். உயிருள்ள முட்டையில் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போல எல்லாப் பக்கமும் பிரியும் நரம்புகளும் இருக்கும். வட்டத்துக்கும் சிலந்திக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகிக்கொண்டால் போதும். வளையம் விட்ட முட்டையை எடுத்துவிடுங்கள். உள்ளே இருந்தால் அழுகும்.

ஒன்றிரண்டு முட்டையில் வளையம் வருவது எல்லோருக்கும் நடப்பதுதான். கருச்சாவு இயல்பாகவே இரண்டு கட்டங்களில் உச்சம் தொடும்: முதல் நாலு நாட்கள், கடைசி மூன்று நாட்கள். முதல் கட்டத்தில் இதயமும் இரத்த ஓட்டமும் உருவாகின்றன, கடைசிக் கட்டத்தில் குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. ஆனால் வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு வளையம் விட்டிருந்தால் அது இயல்பு அல்ல. முதல் சந்தேகம் சூட்டின் மேல், இரண்டாவது சேமிப்பின் மேல்.

டிஸ்பிளேயில் 37.5 என்று காட்டுகிறதே. சூடு எப்படித் தவறாகும்?

டிஸ்பிளே காட்டுவது அதன் சென்சார் இருக்கும் இடத்தின் சூட்டை. முட்டை இருக்கும் இடத்தின் சூட்டை அல்ல. வீட்டு இன்குபேட்டர் தோல்விகளில் எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் கவிழ்த்தது இதுதான், என்னையும் சேர்த்து. நான் முதலில் செய்தது ஒரு தெர்மோகோல் பெட்டி. சென்சாரை மூடிக்குப் பக்கத்தில் பல்பின் அருகே ஒட்டிவிட்டு, திரையில் 37.5 பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். முட்டை மட்டத்தில் அதைவிட இரண்டு டிகிரி குறைவு. 14 முட்டையில் மூன்று பொரித்தன, அதுவும் 23ஆம் நாள், வயிறு உப்பி, நிற்க முடியாமல்.

விசிறி உள்ள பெட்டியில் காற்று சுழல்வதால் சூடு ஏறத்தாழ எங்கும் ஒன்றாக இருக்கும். அதில் 37.5 டிகிரி செல்சியஸ் வைக்கலாம். விசிறி இல்லாத பெட்டியில் சூடு மேலே தேங்கும், அடியில் குறையும். அதில் முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் 37.5 வைத்துவிட்டு ஏன் தாமதம் என்று கேட்பவர்கள் ஏராளம்.

தெர்மோமீட்டரை நம்புவதற்கு முன் சோதியுங்கள். காய்ச்சல் பார்க்கும் நல்ல தெர்மோமீட்டர் இதற்குப் போதும், 37ஐ ஒட்டிய அளவில் அது துல்லியமாக இருக்கும்படி செய்யப்பட்டது. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுங்கள். அரை டிகிரி வித்தியாசம் இருந்தால் அதைக் கூட்டியோ கழித்தோ மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒரு டிகிரிக்கு மேல் போனால் மாற்றிவிடுவது நல்லது. காய்ச்சல் தெர்மோமீட்டர் தொட்ட உச்ச அளவையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சூடு எந்தப் பக்கம் தவறியது என்பதைக் குஞ்சுகளே சொல்லிவிடும். 19, 20ஆம் நாளே பொரித்து, குஞ்சு சிறுத்து, தொப்புள் மூடாமல், மஞ்சள் கொஞ்சம் வெளியே தெரிந்தால் சூடு அதிகம். 22, 23 வரை இழுத்து, வயிறு பெருத்து, மந்தமாக வந்தால் சூடு குறைவு. சில சீக்கிரம், சில தாமதம் என்று இரண்டு நாள் இடைவெளியில் சிதறி வந்தால் பெட்டிக்குள் ஒரு மூலை சூடு, ஒரு மூலை குளிர். முட்டைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைத்தால் இது சீராகும்.

ராத்திரி கரண்ட் போய் நாலு மணி நேரம் கழித்து வந்தது. எல்லாம் போச்சா?

போகவில்லை. கோழியே தினமும் இரை எடுக்க எழுந்து போகிறது, முட்டை ஆறுகிறது, திரும்ப வந்து உட்காருகிறது. குளிர்ச்சியைக் கரு தாங்கும், வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போடுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். கடைசி வாரத்தில் முட்டைகள் தாமே சூட்டை உண்டாக்கும், அப்போது காற்றுதான் முக்கியம். திரும்பக் கரண்ட் வந்ததும் வழக்கம்போல ஓட்டுங்கள், நாலு நாள் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். அரை நாள், ஒரு நாள் தாமதமாகப் பொரிக்கலாம்.

நீங்கள் அஞ்ச வேண்டியது எதிர்ப்பக்கத்தை. சூடு ஏறியதும் பல்பை அணைக்க வேண்டிய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு பல்பு அணையாமல் எரிவது, ஜன்னல் வழியாக வெயில் நேராக மூடிமேல் விழுவது. 40 டிகிரியைத் தாண்டி இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் கருக்கள் கொத்தாகச் செத்துப்போகும். குளிர் மன்னிக்கும், சூடு மன்னிக்காது.

முட்டைகளை எத்தனை நாள் வரை சேர்த்து வைக்கலாம்? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ஏழு நாள் வரை கவலையில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு இறங்கிக்கொண்டே போகும். மூன்று வாரமான முட்டையில் எதிர்பார்க்க அதிகமில்லை. நாள்பட்ட முட்டைகள் பொரித்தாலும் சில மணி நேரம் பிந்தியே பொரிக்கும்.

சூடு 15 முதல் 18 டிகிரி, கூர்முனை கீழே, நேரடி வெயிலும் காற்றும் படாத இடம். சமையல் ஃபிரிட்ஜின் 4 டிகிரி அதிகக் குளிர்ச்சி, பலன் குறையும். அதைவிடப் பலரும் கவனிக்காத ஆபத்து வெக்கையான அறை. 27 டிகிரிக்கு மேல் போனால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கும். வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் நாலைந்து நாளில் செத்துவிடும். அதை இன்குபேட்டரில் வைத்து ஏழாம் நாள் பார்த்தால் காலி முட்டை. பழி சேவலுக்கு! முதல் கேள்வியில் உடைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த முட்டையை அப்படியே சூட்டுக்குள் தள்ளாதீர்கள். ஓட்டின் மேல் வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி துளைகளுக்குள் போகும். சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

தூரத்திலிருந்து வரவழைத்த முட்டைகள் மட்டும் ஏன் இவ்வளவு மோசமாக வருகின்றன?

குலுங்கல்தான். அகன்ற முனையில் இருக்க வேண்டிய காற்றறை பிய்ந்து, முட்டையைச் சாய்த்தால் குமிழி போல அங்கும் இங்கும் ஓடும். வந்ததும் கூர்முனை கீழாக 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் நிறுத்திவையுங்கள். காற்றறை இன்னும் ஆடினால் முதல் சில நாட்கள் படுக்கப்போட்டு உருட்டாமல், நிறுத்தியபடியே மெல்லச் சாய்த்து மாற்றுங்கள். இப்படி வந்த முட்டைகளில் பாதி பொரித்தாலே நான் திருப்தி அடைந்துவிடுவேன்.

இரண்டு நாள் திருப்ப மறந்துவிட்டேன். அதனால்தான் பொரியவில்லையா?

எந்த இரண்டு நாள் என்பதைப் பொறுத்தது. முதல் வாரத்தில் திருப்புவது மிக முக்கியம். திருப்பாவிட்டால் கரு மிதந்து மேலே வந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும், இரத்தக்குழாய்களின் வலையும் சரியாகப் பரவாது. இதன் விலை உடனே தெரியாது. கரு வளர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் செத்திருக்கும். உடைத்துப் பார்த்தால் கூர்முனையில் உறிஞ்சப்படாத வெள்ளைக் கரு பிசின் மாதிரி மிச்சம் இருக்கும். அப்படி இருந்தால் திருப்புதலில் குறை என்று முதலில் சந்தேகிக்கலாம்.

கையால் திருப்புகிறவர்கள் நாளுக்கு மூன்று முறையாவது, முடிந்தால் ஐந்து முறை. ஒற்றைப்படையாக வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: இரவின் நீண்ட நேரத்தை முட்டை ஒவ்வொரு நாளும் மாற்றுப் பக்கத்தில் கழிக்கும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டுக்கொண்டால் குழப்பமில்லை. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகாதீர்கள், போன வழியே திரும்பி வாருங்கள். 18ஆம் நாளோடு நிறுத்திவிடலாம்.

தானாகத் திருப்பும் தட்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மோட்டார் ஓடுகிற சத்தம் வரும், தட்டு நகராது.

ஈரப்பதம் எவ்வளவு? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. இதுதான் பொது விதி. ஆனால் ஆளுக்கொரு எண் வருவதற்குக் காரணம் உண்டு. நமக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த எண் அல்ல, முட்டையிலிருந்து போதிய நீர் வெளியேறுவது. ஓடு தடித்த முட்டை நீரை மெதுவாக விடும், மெல்லிய ஓடு வேகமாக விடும். மலிவான ஈரப்பத மானியோ பத்து சதவீதம் முன்பின் காட்டும்.

ஆகவே நான் மானியைவிடத் தராசை நம்புகிறேன். வைக்கிற நாளில் எல்லா முட்டைகளையும் சேர்த்து எடை போடுங்கள். 18ஆம் நாளுக்குள் அதில் 12, 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 12 முட்டை 600 கிராம் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 4 கிராம் குறைந்து, 18ஆம் நாள் 525 கிராமை ஒட்டி வர வேண்டும். நடுவில் 9ஆம் நாள் 562 கிராம். அதைவிடக் கனமாக இருந்தால் ஈரம் அதிகம், தண்ணீரைக் குறைக்கலாம். லேசாக இருந்தால் கூட்டலாம். நடுவில் முட்டையை எடுத்துவிட்டால் அதன் கணக்கையும் கழிக்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு முட்டையிலும் அதன் எடையைப் பென்சிலால் எழுதிவிடுவேன்.

தராசு இல்லையென்றால் காற்றறையைப் பாருங்கள். 18ஆம் நாளில் அது முட்டையின் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியிருக்க வேண்டும். தொடக்கத்தில் இருந்த மாதிரியே சிறியதாக இருந்தால் குஞ்சு மூச்சுவிட இடம் இருக்காது.

தண்ணீர் சம்பந்தமாக ஒரு சின்ன விஷயம். ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம் அல்ல, அதன் பரப்பு. குறுகிய டம்ளரை நிரப்பி வைப்பதைவிட அகன்ற தட்டில் ஒரு விரல் தண்ணீர் அதிக ஈரம் தரும். மானியைச் சோதிக்க, ஒரு மூடியில் சாதம் பதத்துக்கு ஈரமாக்கிய உப்பை எடுத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க வையுங்கள். 75 காட்ட வேண்டும்.

10, 12ஆம் நாள் வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கரு செத்துவிட்டது. இது என்ன?

நடுவாரச் சாவு குறைவாகவே நடக்க வேண்டியது. அது கூடினால் இன்குபேட்டரைத் தாண்டிப் பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் தாய்க்கோழியின் தீவனம். முட்டைக்குள் போவது தாய் தின்றதுதான். ரைபோஃப்ளேவின் என்கிற பி2, பி12 போன்ற வைட்டமின்கள் குறைந்தால் தாய் ஆரோக்கியமாகவே தெரியும், முட்டையும் இடும், கரு மட்டும் பாதியில் நிற்கும். பி2 குறைவின் அடையாளம் தெளிவானது: செத்த குஞ்சின் பூமயிர் விரியாமல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருக்கும், விரல்கள் உள்நோக்கி மடங்கியிருக்கும். முட்டைக்காக மட்டும் தயாரித்த தீவனத்தில் குஞ்சு வளர்ப்புக்கு வேண்டிய வைட்டமின் போதாமல் போகலாம். இனப்பெருக்கக் கோழிகளுக்கான தீவனமோ, கீரையும் பூச்சியும் கிடைக்கும் மேய்ச்சலோ உதவும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இரண்டாவது, நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பது. மூன்றாவது சில இனங்களின் பிறவிக் கணக்கு. பேன்டம் எனப்படும் சிறு உருவக் கோழிகளில் ஒன்றான ஜப்பானியக் குட்டைக்கால் இனத்தில் குட்டைக்கால் மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் கரு பிழைக்காது. குட்டைக்காலும் குட்டைக்காலும் சேர்ந்தால் நாலில் ஒரு கரு எப்படியும் போகும், அங்கே நீங்கள் தெர்மோமீட்டரை மாற்றிப் பயனில்லை.

ஒரு முட்டை நாறுகிறது, ஓட்டின் மேல் பிசுபிசுப்பாகத் துளிகள்.

இப்போதே எடுங்கள். நாளை என்று வைத்தால் வெடிக்கலாம். வெடித்தால் பெட்டி முழுக்க அந்த நாற்றமும், மற்ற முட்டைகள் மேல் கிருமிக் குழம்பும். குலுக்காமல் மெதுவாக எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு வெளியே கொண்டுபோங்கள். இதை மட்டும் உடைத்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

அழுக்கு முட்டையைக் கழுவி வைத்தேன். தவறா?

பெரும்பாலும் தவறு. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் இருக்கிறது, கழுவினால் போய்விடும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் இன்னும் மோசம்: முட்டை குளிர்ந்து உள்ளே சுருங்கும்போது வெளியே உள்ள அழுக்கை ஆயிரக்கணக்கான துளைகள் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். லேசான கறையை உலர்ந்த துணியால் துடைக்கலாம். எச்சம் அப்பிய முட்டையைச் சமையலுக்கும் வேண்டாம், இன்குபேட்டருக்கும் வேண்டாம். கூண்டில் புது வைக்கோல் போட்டு, நாளுக்கு இரண்டு முறை முட்டை எடுத்தாலே இந்தக் கேள்வி எழாது.

இன்குபேட்டரையும் ஒவ்வொரு முறை பொரித்த பிறகும் சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினி துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பூமயிரும் ஓட்டுத் துணுக்கும் ஒட்டிய பெட்டியில் அடுத்த முட்டையை வைப்பவர்கள் அழுகல் ஏன் கூடுகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை.

குஞ்சு முழுசாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்திருக்கிறது. மனசு கேட்கவில்லை. எங்கே தவறு?

எல்லாவற்றிலும் வலிக்கிற தோல்வி இதுதான். ஆனால் அதிகத் தகவல் தருவதும் இதுதான். உடைத்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

குஞ்சு நீர் கோத்து உப்பி, சுற்றிலும் கொழகொழவென்று திரவம், காற்றறை சிறியது: 18 நாளும் ஈரம் அதிகம். குஞ்சு காற்றறையைக் கொத்தி முதல் மூச்சு எடுக்கும்போது திணறியிருக்கிறது. மாறாக, சவ்வு வெள்ளைத் தோலாக இறுகி, பிளாஸ்டிக் சுற்றியது போலக் குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் ஈரம் குறைவு, அல்லது ஓடு கொத்திய பிறகு மூடியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறீர்கள். ஒரு குஞ்சு வெளியே வந்ததும் ஆவலில் திறந்து எடுத்தால், பாதி கொத்திய மற்ற குஞ்சுகளின் சவ்வு காய்ந்து பூட்டிக்கொள்ளும். வந்த குஞ்சு உள்ளேயே இருக்கட்டும், வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாள் இரை.

அடுத்து அது படுத்திருக்கும் விதம். சரியான குஞ்சு அகன்ற முனையை நோக்கித் தலை வைத்து, வலது இறக்கைக்கு அடியில் தலையைச் செருகி, அலகைக் காற்றறை பக்கம் நீட்டியிருக்கும். தலை கூர்முனையில் இருந்தால் முட்டையைத் தலைகீழாக, கூர்முனை மேலாக வைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா முட்டையும் ஒன்றுபோலத்தான், அவசரத்தில் இது நடக்கும்.

மஞ்சள் கரு இன்னும் வெளியே தொங்கினால் 19ஆம் நாளை ஒட்டிச் செத்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் சூடு ஏறியதா, காற்று போதவில்லையா என்று பாருங்கள். ஈரம் போய்விடும் என்று காற்றுத் துளைகளை அடைப்பது பரவலான பழக்கம். நல்லெண்ணத்தில் செய்யும் கொலை அது. அந்த மூன்று நாளில்தான் குஞ்சுகளுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், அவை விடும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேற வேண்டும். துளைகளைத் திறந்துவிட்டு, ஈரத்தைத் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டிச் சரிசெய்யுங்கள்.

21 நாள் முடிந்தது. சத்தமே இல்லை. எத்தனை நாள் பொறுக்கலாம்?

23 முடியும் வரை. அதற்கு முன் உடைத்துவிட்டு உள்ளே துடிக்கும் குஞ்சைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறப்பதில்லை. சந்தேகமிருந்தால் முட்டையை வெதுவெதுப்பான, 38 டிகிரி நீரில் அரை நிமிடம் மிதக்கவிட்டால் உயிருள்ளது லேசாக ஆடும். ஆனால் ஓட்டில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் இதைச் செய்யக்கூடாது.

ஓடு கொத்தியது, பிறகு அசைவில்லை. நான் உரித்து எடுக்கலாமா?

முதல் கொத்திலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. அந்த ஓய்வில்தான் குஞ்சு மிச்ச மஞ்சளையும் சவ்விலுள்ள இரத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவசரக் கை அதைக் கெடுக்கும். 24 மணி நேரத்துக்கு மேலாகி, சவ்வு காய்ந்து பழுப்பேறினால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரப்படுத்தி, காற்றறைப் பக்கம் மட்டும் சிறு துணுக்குகளாக எடுங்கள். ஒரு துளி இரத்தம் கண்டாலும் நிறுத்திவிட்டு, முட்டையைத் திரும்ப உள்ளே வைத்துச் சில மணி நேரம் காத்திருங்கள்.

இன்குபேட்டரே வேண்டாம் என்று அடைக்கோழியை உட்காரவைத்தேன். அதிலும் பாதிதான்.

மற்ற பெட்டைகள் வந்து அதே கூட்டில் முட்டையிட்டிருக்கும். நாள் வேறுபட்ட முட்டைகள் கலந்துவிட்டால், முதல் குஞ்சுகள் வந்ததும் கோழி எழுந்து போய்விடும், மிச்சம் ஆறிச் சாகும். வைக்கிற அன்றே முட்டைகளில் குறி போட்டு, குறியில்லாததைத் தினமும் எடுத்துவிடுங்கள். கோழியின் வயிற்றுக்கடியில் அடங்குவதற்கு மேல் வைத்தாலும் ஓரத்து முட்டைகள் முறை வைத்துக் குளிரும். இன்று ஓரத்தில் இருந்தது நாளை நடுவுக்கு வரும், நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகும், கடைசியில் எல்லாம் அரைகுறை.

டார்ச் அடித்து அடித்துப் பார்ப்பதே கருவைக் கெடுக்குமா?

7, 14, 18 ஆகிய மூன்று நாட்கள் போதும். எல்இடி டார்ச் சூடாகாது, அரை நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. தினமும் பார்க்க ஆசையாக இருக்கும், எனக்கும் இருந்தது. கையிலிருந்து நழுவி நான் உடைத்த முட்டைகள், வேறு காரணத்தால் போனவற்றைவிட ஒரு பருவத்தில் அதிகம்.

உடைத்துப் பார்த்தால் எத்தனையாம் நாள் செத்தது என்று எப்படிக் கணிப்பது?

துல்லியம் வேண்டாம், வாரம் தெரிந்தால் போதும். இரத்தம் மட்டும், உருவம் இல்லை என்றால் மூன்று நாளை ஒட்டி. பெரிய கறுப்புக் கண் தெரிந்தால் ஐந்து. அலகும் விரல்களும் பிரிந்திருந்தால் எட்டு முதல் பத்து. உடம்பெல்லாம் பூமயிர் மூடியிருந்தால் 14ஐத் தாண்டியது. மஞ்சள் வயிற்றுக்குள் போகத் தொடங்கியிருந்தால் 19, முழுதும் போயிருந்தால் 20. ஒரு தாளில் முட்டை எண், செத்த வாரம், கண்ட அடையாளம் என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். பத்து முட்டை எழுதியதுமே எந்த வாரத்தில் குவிகிறது என்று கண்ணில் படும். குவியும் வாரத்துக்கு ஏற்ற காரணத்தை மட்டும் அடுத்த முறை மாற்றுங்கள். சூடு, ஈரம், திருப்புதல் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

உடைத்துப் பார்த்த முட்டைகளை என்ன செய்வது?

நாயோ காக்கையோ தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். கோழிகளுக்கே திரும்பப் போடாதீர்கள், முட்டை தின்னும் பழக்கம் அங்கிருந்துதான் பிடிக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்தத் தாளை இன்குபேட்டர் மூடியின் மேலேயே ஒட்டிவையுங்கள்.